173 கெட்ட செக்டார், ஒரு தப்பான ‘சரி’

பழுதான டிஸ்கிலிருந்து தரவை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி ஒன்பது நாள் விட்டுவிட்டு ஓடி நின்றபோது திரையில் 99.99 சதவீதம் என்று இருந்தது. டிஸ்கின் மொத்த அளவு 1,000,204,886,016 பைட். அதில் 708,608 பைட் மட்டும் வரவில்லை. டிஸ்கில் தரவு கிடக்கும் சின்னக் கட்டத்தைச் செக்டார் என்பார்கள். 512 பைட் கணக்கில் 1,384 செக்டார். இந்த டிஸ்க் உள்ளே 4,096 பைட்டாகத்தான் எழுதுகிறது என்பதால் உண்மையில் 173 இடங்கள். சாகக்கிடந்த டிஸ்கிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு மிக வேண்டியிருந்த ஒலிப்பதிவுகளில் மூன்று முழுசாகக் கிடைக்கவில்லை. அந்த மூன்றிலும் ஒரு கெட்ட செக்டார்கூட இல்லை. அது எப்படி என்று புரிய எனக்கே சில நாள் ஆனது.

டிஸ்க் மேசைக் கணினியின் இரண்டாவது டிஸ்க். 3.5 அங்குலம், நிமிடத்துக்கு 7,200 சுற்று, 1 டெராபைட். ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, அதாவது ஃபைல் சிஸ்டம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ். உள்ளே பத்து வருடப் படங்கள், வேலை ஃபைல்கள், அப்புறம் பெரியம்மா குடும்பக் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்து வைத்த 46 ஒலி ஃபைல்கள். படங்களுக்கு 14 மாதப் பழைய பேக்கப் ஒன்று இருந்தது. பதிவுகள் எல்லாமே அதற்குப் பிறகு எடுத்தவை.

முதல் அறிகுறி வேகக் குறைவுதான். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து பாதியில் நின்றுவிடும். கூர்ந்து கேட்டால் பெட்டிக்குள் இரண்டு மூன்று தடவை ‘டிக்’ என்று சத்தம், பிறகு அமைதி. ஒரு வாரம் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கேபிள் தளர்ந்திருக்கும் என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் எல்லாம் சரியாக இருந்ததும் கேபிள்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் விண்டோஸ், டிரைவில் பிழை இருக்கிறது, சரிபார்க்கட்டுமா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். மறுபடி துவங்கும்போது விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்க் ஓடியது. 11 சதவீதத்தில் மணிக்கணக்காக நின்றது, அப்புறம் மெல்ல நகர்ந்தது. இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் கணினி வழக்கம்போலத் துவங்கியிருந்தது. பதிவுகள் இருந்த ஃபோல்டரை மட்டும் காணோம். டிரைவின் மேல்மட்டத்தில் ‘ஃபவுண்ட்.000’ என்று நான் உருவாக்காத ஃபோல்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் நிறுத்தினேன். கணினியை அணைத்து டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, அன்று முழுக்கப் படித்தேன். அந்த ஒரு நாளை ஒரு வாரம் முன்னால் செலவழித்திருந்தால் இந்தப் பதிவில் பாதியை எழுத வேண்டியிருக்காது.

மறுநாள் லினக்ஸை யுஎஸ்பி குச்சியிலிருந்து துவக்கி, டிஸ்கைத் தானாக மவுன்ட் செய்யும், அதாவது ஃபைல்களைத் திறக்க இணைத்துக்கொள்ளும் வசதியை முதலில் அணைத்தேன். பிறகு ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி கொண்டு, டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைப் பார்த்தேன். முதல் வரியே வேடிக்கை: உடல்நலச் சோதனையில் தேர்ச்சி! அந்த வரியை நம்பக் கூடாது. தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் அது தோல்வி என்று சொல்லும். பார்க்க வேண்டியது கீழே உள்ள பட்டியல். எண் 5, அதாவது ஏற்கெனவே மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள்: 48. எண் 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை: 216. எண் 198-லும் அதே 216. எண் 199 கேபிள் வழியில் நடக்கும் பிழைகளைக் காட்டும். அது பூஜ்யம். ஆக, நான் ஒரு வாரம் குறை சொன்ன கேபிள் நிரபராதி. ஓடிய நேரம் 31,408 மணி. இடைவிடாமல் ஓடியிருந்தால் மூன்றரை வருடத்துக்கும் மேல்.

நானே செய்வதா, மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதா என்பது அடுத்த கேள்வி. ஓர் இடத்தில் விலை கேட்டேன். அந்தத் தொகைக்கு இதே அளவு புது டிஸ்க் பத்துக்கு மேல் வாங்கலாம். நான் முடிவெடுத்தது இப்படி: டிஸ்க் சீராகச் சுற்றுகிறது, மாடல் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிகின்றன, ‘டிக்’ சத்தம் எப்போதாவதுதான் வருகிறது. மூன்றும் சரியென்றால் வீட்டில் முயலலாம். துவங்கியதுமே விடாமல் டிக் டிக் என்று அடித்தாலோ, கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினாலோ, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசியில்லா அறை வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி. படிக்கும் ஹெட் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. உடைந்த ஹெட்டோடு ஓட்டினால் தட்டையே சீவிவிடும்.

டிஸ்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு நண்பர் உறுதியாகச் சொன்னார். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். அந்த ஈரத்தின் மேல் ஹெட் பறக்கும். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கருவிகள் அதிகமில்லை. ஸ்க்ரூடிரைவர், டிஸ்கை மதர்போர்டில் இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்று, ஒரு சின்ன ஃபேன், மீட்டதைக் கொட்ட இன்னொரு டிஸ்க். முதலில் என்னிடம் சும்மா கிடந்த 1 டெராபைட் டிஸ்க் போதும் என்று நினைத்தேன். போதாது. டிஸ்கின் ஒவ்வொரு செக்டாரையும் அப்படியே ஒரே ஃபைலாக, அதாவது இமேஜாக எடுக்கப் போகிறோம். அதே அளவு டிஸ்கில் ஃபைல் சிஸ்டமும் கொஞ்சம் இடம் பிடிப்பதால் கடைசிச் சில ஜிகாபைட் உள்ளே போகாது. தவிர, இமேஜிலிருந்து வெளியே எடுக்கும் ஃபைல்களுக்கும் இடம் வேண்டும். 2 டெராபைட் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கினேன். இந்த வேலை முழுவதிலும் பெரிய செலவாகியிருக்க வேண்டியது அது ஒன்றுதான். மென்பொருள் எல்லாம் இலவசம்.

டிடிரெஸ்க்யூ பற்றி ஒரு வார்த்தை. டெபியன் குடும்ப லினக்ஸ்களில் இதன் தொகுப்பின் பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’. நடுவில் கீழ்க்கோடு போட்ட ‘டிடி_ரெஸ்க்யூ’ என்பது வேறு கருவி. பெயர்க் குழப்பத்தில் நான் முதலில் நிறுவியது அதைத்தான். டிடிரெஸ்க்யூவின் சிறப்பு அதன் மேப் ஃபைல். எந்தப் பகுதி வந்தது, எது இன்னும் தொடப்படவில்லை, எது கெட்டது என்பதையெல்லாம் சாதாரண எழுத்தில் குறித்துக்கொண்டே போகும். வந்த பகுதிக்குக் கூட்டல் குறி, கெட்டதற்குக் கழித்தல் குறி, தொடாததற்குக் கேள்விக்குறி. மின்சாரம் போனாலும் நாமே நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைலின் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறந்தால் இதெல்லாம் கிடையாது.

முதல் ஓட்டத்தில் இன்னொரு தப்பு. பெட்டியைத் திறக்கச் சோம்பல்பட்டு டிஸ்கை வெளியிலிருந்தே யுஎஸ்பி வழியாக இணைக்கும் டாக்கில் செருகி ஆரம்பித்தேன். 40 நிமிடம் அழகாக ஓடியது. அப்புறம் ஒரு கெட்ட செக்டாரில் டிஸ்க் திணற, டாக் பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தது. லினக்ஸ் கொடுத்த பெயரில் ‘எஸ்டிபி’ என்றிருந்த டிஸ்க் ‘எஸ்டிடி’ என்ற பெயரில் திரும்பி வந்தது. டிடிரெஸ்க்யூவுக்கு அது தெரியாது. இல்லாத டிஸ்கைப் படிக்க முயன்று, கிடைத்த பிழைகளையெல்லாம் கெட்ட இடம் என்று மின்னல் வேகத்தில் குறிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து போய் வருவதற்குள் 600 ஜிகாபைட்டுக்கு மேல் தோல்வி என்று பதிவாகியிருந்தது. வயிற்றைக் கலக்கியது. டிஸ்கே செத்துவிட்டது என்று நினைத்தேன்.

நல்லவேளை, இது மேப் ஃபைலில் மட்டும் நடந்த சேதம். ‘மறுபடி முயல்’ என்று பொருள்படும் ‘-ஏ’ ஆப்ஷனை (ஆங்கிலப் பெரிய எழுத்தில்) கொடுத்தால், தோற்றதாகக் குறித்த பகுதிகளைத் தொடாதவையாக மாற்றிக்கொள்ளும். டிஸ்கைக் கழற்றி மதர்போர்டின் சாட்டா இணைப்பில் நேராக மாட்டினேன். எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களையும் விட்டுவிட்டு, மாடலும் சீரியல் எண்ணும் அடங்கிய ‘பை-ஐடி’ பெயரைக் கட்டளையில் எழுதினேன். மூலம் எது, இலக்கு எது என்பது இடம் மாறினால் வெற்று டிஸ்கை நோயாளியின் மேல் எழுதிவிடுவோம். இரண்டு டிஸ்கிலும் காகித டேப் ஒட்டி, சீரியலின் கடைசி நான்கு எழுத்தை எழுதி, திரையோடு இரண்டு தடவை ஒப்பிட்டபிறகுதான் என்டரைத் தட்டினேன்.

இரண்டாவது ஆரம்பத்தில் ‘-டி’, ‘-என்’ இரண்டையும் கொடுத்தேன். முதலாவது லினக்ஸின் இடைநினைவகத்தைத் தவிர்த்து டிஸ்கை நேரடியாகப் படிக்க. இரண்டாவது, கெட்ட இடங்களைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல் நல்லதை முதலில் அள்ள. 5 மணி 20 நிமிடத்தில் 99.6 சதவீதம் வந்துவிட்டது. சிக்கல் முழுக்க 412 ஜிகாபைட்டிலிருந்து 418 வரையான ஒரே பட்டையில் இருந்தது. மிச்சம் ஏறக்குறைய 4 ஜிகாபைட்.

அந்த 4 ஜிகாபைட்டுக்குத்தான் மீதி எட்டு நாளும். பட்டைக்குள் வேகம் விநாடிக்குச் சில கிலோபைட்டாக விழுந்தது. டிஸ்கைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. ஸ்மார்ட் கணக்கு 51 டிகிரி என்றது. ஃபேனை நேராகத் திருப்பி வைத்ததும் ஒரு மணி நேரத்தில் 38-க்கு இறங்கியது. இதை முதல் நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டும். பிறகு பெரிய ‘-ஆர்’ கொடுத்துப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வைத்தேன். முன்னாலிருந்து போகும்போது தடுக்கி விழுந்த இடங்களை மறுபக்கத்திலிருந்து வந்து தொட்டது. இரண்டு நாளில் 4 ஜிகாபைட் 61 மெகாபைட் ஆனது. அடுத்து ‘-என்’ ஆப்ஷனை எடுத்துவிட்டுச் சுரண்ட விட்டேன். இது ஒவ்வொரு செக்டாராகப் படிக்கும் கட்டம். நான்கு நாள். இரவில் அணைத்து ஆறவிட்டுக் காலையில் தொடர்ந்தேன். 61 மெகாபைட் 2.1 ஆனது. கடைசியாக மூன்று தடவை மறுமுயற்சி. முதல் சுற்றில் கணிசமாக வந்தது, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவதில் ஒன்றும் இல்லை. 708,608-இல் நின்றது. பத்து தடவை விட்டிருந்தால் இன்னும் நாலைந்து செக்டார் வந்திருக்குமோ என்னவோ, டிக் சத்தம் அடிக்கடி வர ஆரம்பித்ததால் போதும் என்று விட்டுவிட்டேன்.

டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டு டேப் ஒட்டினேன். இனி எல்லாம் இமேஜில்தான். டிஸ்கில் ஃபைல்கள் இருக்கும் பகுதியான பார்ட்டிஷன் 2,048-வது செக்டாரில் தொடங்குகிறது. 512-ஆல் பெருக்கினால் 1,048,576. அந்தத் தொடக்க இடத்தைக் கொடுத்து, எழுத அனுமதியில்லாமல் இமேஜை மவுன்ட் செய்தேன். ஃபோல்டர்கள் வந்தன. படங்கள், வேலை ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்தேன்.

எந்த ஃபைல்களில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபில் முறை. மேப் ஃபைலில் கெட்டது என்று குறித்த இடங்களில் மட்டும், இமேஜுக்குள், நாம் கொடுக்கும் சொல்லை நிரப்பும். மேப் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ‘கெட்டஇடம்’ என்று நிரப்பச் சொன்னேன். பிறகு மறுபடி மவுன்ட் செய்து, அந்தச் சொல் உள்ள ஃபைல்களை கிரெப் என்ற தேடல் கருவி கொண்டு தேடினேன். 22 ஃபைல் சிக்கியது. 17 படம், 3 வீடியோ, ஒரு ஜிப், ஒரு ஒலிப்பதிவு. மற்ற ஓட்டைகள் காலி இடத்தில் விழுந்திருந்தன.

ஒரே அளவு ஓட்டை ஒவ்வொரு வகை ஃபைலையும் வேறு வேறு விதமாகக் கெடுத்திருந்ததுதான் சுவாரசியம். ஜேபெக் படத்தில் 4,096 பைட் போனால் அந்த இடத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம், அல்லது நிறம் மாறிப் பக்கவாட்டில் நழுவிய கோலம். 17-இல் 12 படம் பழைய பேக்கப்பில் இருந்தது. மீதி ஐந்துக்கு, கேமரா ஃபைலின் தலைப்பகுதியில் பதித்து வைக்கும் தபால்தலை அளவுப் படம் மட்டும் மிஞ்சியது. ஜிப் ஃபைலின் பட்டியல் கடைசியில் இருப்பதால் அது திறந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல்தான் பிழை. வீடியோக்களில் அரை விநாடி கறை. ஒலிப்பதிவு வேவ் ஃபைல், ஒற்றைத் தடம், 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 88,200 பைட். 4,096 பைட் ஓட்டை என்றால் 46 மில்லி விநாடி. பெரியம்மா பேச்சின் நடுவில் ஒரு சின்ன ‘டப்’. அவ்வளவுதான்.

இனி செக்டிஸ்க் செய்த வேலைக்கு வருகிறேன். என்டிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 1,024 பைட்டில் ஒரு பதிவுச் சீட்டு உண்டு. பெயர், அளவு, டிஸ்கில் எந்தெந்த இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான். அந்தச் சீட்டுகள் இருந்த இடத்திலும் டிஸ்க் திணறியிருக்கிறது. செக்டிஸ்க்குக்குத் தரவைக் காப்பாற்றுவது வேலையில்லை. ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்குவதுதான் வேலை. சீர்கெட்டதாகத் தெரிந்த சீட்டுகளைத் துடைத்து, அவை காட்டிய இடங்களைக் காலி என்று அறிவித்துவிட்டது. 46 பதிவில் 31 பெயரோடு ஃபவுண்ட்.000-க்குள் கிடைத்தது. 15-க்குச் சீட்டே இல்லை.

அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக்கை எடுத்தேன். காலி இடத்தில் மட்டும் தேடு, வேவ் மட்டும் எடு என்று சொன்னேன். இது சீட்டைப் பார்க்காது. ஃபைலின் தலைப்பு எழுத்துகளை அடையாளம் கண்டு அங்கிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு போகும். பெயர்கள் கிடையாது. 15-க்கும் தலைப்பு அகப்பட்டது. 12 முழுசாக ஓடின. மூன்றில் மட்டும் குரல் சில நிமிடம் தெளிவாகப் போய், திடீரென்று காதைக் கிழிக்கும் இரைச்சல். அந்த நாட்களில் டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்ததால், கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் துண்டாக எழுதப்பட்ட ஃபைல்கள் அவை. தரவு முழுவதும் நல்ல செக்டார்களில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த துண்டு எங்கே என்று சொன்ன சீட்டைத்தான் நான் ‘சரி’ அழுத்தி அழித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ சொல்லியிருந்தால், சீட்டுகளையும் டிடிரெஸ்க்யூ மற்ற இடங்களைப் போலவே திரும்பத் திரும்ப முயன்று எடுத்திருக்கும். மிஞ்சிய 173 ஓட்டையில் ஒன்றுகூடச் சீட்டுகளின் பகுதியில் இல்லை.

வேவ் ஃபைல் சுருக்கப்படாதது என்பது இங்கே கைகொடுத்தது. எம்பி3 என்றால் இந்த வேலைக்கே இறங்கியிருக்க மாட்டேன். காலி இடத்தை மட்டும் ப்ளாக்எல்எஸ் என்ற கருவியால் தனி ஃபைலாக எடுத்தேன். 38 ஜிகாபைட். 1 ஜிகாபைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் ‘மூலத் தரவு’ என்று திறந்தேன். 16 பிட், ஒற்றைத் தடம், 44,100. ஒரு துண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஆனால் கேட்க வேண்டியதில்லை. படங்களும் வீடியோக்களும் இருந்த இடம் செங்கல் சுவர் மாதிரி அடைத்துக்கொண்டு தெரியும். வெற்றிடம் நேர்கோடு. பேச்சு மட்டும் மூச்சு விட்டு விட்டு, மேடும் பள்ளமுமாகத் தெரியும். தொடக்கம் ஒற்றைப்படை பைட்டில் விழுந்தால் பேச்சும் இரைச்சலாகிவிடும். அதனால் வெட்டும்போது எப்போதும் 4,096-இன் மடங்கிலேயே வெட்டினேன். ஏற்கெனவே மீட்ட 12 பதிவுகளும் இதே இடத்தில் இருப்பதால் அவையும் குறுக்கே வந்து குழப்பின. அவற்றின் முதல் வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒதுக்கினேன்.

முதல் பதிவு 7 நிமிடம் 12 விநாடிக்குச் சற்று முன் உடைகிறது. பைட் கணக்கில் 38,100,992. 4,096-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 9,302. உடைந்தது துண்டின் எல்லையில்தான் என்பது அதிலேயே தெரிந்தது. தொடர்ச்சி ஒன்பதாவது துண்டில் அகப்பட்டது. பாதி வார்த்தையில் நின்ற குரல் அங்கே மீதி வார்த்தையோடு தொடங்கியது. ஒட்டிய இடம் காதுக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவைக்கு இரண்டு மாற்றம் இப்போதே செய்துவிட்டேன். பின்னணியில் ஓடும் ஸ்மார்ட்டிடி என்ற நிரல் எல்லா டிஸ்கிலும் ஸ்மார்ட் எண்கள் 5, 197, 198 மூன்றையும் கவனித்து, ஒன்று நகர்ந்தாலும் எனக்கு மின்னஞ்சல் போடுகிறது. பதிவுகள் இப்போது இரண்டு டிஸ்கில் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை ஏதாவது ஒன்றைத் திறந்து ஓட்டிப் பார்க்கிறேன். அந்த யுஎஸ்பி டாக்கை நல்ல டிஸ்க்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பதிவை நேற்று ஒட்டி முடித்தேன். அது நான்கு துண்டாகக் கிடந்தது. மூன்றாவது 11-வது நிமிடத்தில் நிற்கிறது. 38 துண்டில் 23 பார்த்தாகிவிட்டது, இன்னும் 15 இருக்கிறது.